பிரபுவின் மூன்றாவது மகன்

ஆங்கிலப் பிரபு ஒருவரின் மகன், இத்தாலியில், பலேர்மோ நகரின் பல்லாரோ சந்தையில் கத்தரிக்காயை அமுக்கிப் பார்த்து வாங்குவாரா? அதுவும் லிஃப்ட் இல்லாத கட்டடத்தில் ஒற்றை அறையில் குடியிருந்துகொண்டு?

போன மாதம் முழுக்க என்னைக் குடைந்த கேள்வி இது.

என் மனைவியின் தங்கை வசந்தி ஒரு சிஞ்ஞோரா, அதாவது இத்தாலிய எஜமானியம்மா, வீட்டில் வேலை செய்கிறாள். சில பின்னேரங்களில், சந்தையை ஒட்டிய அல்பெர்கேரியாப் பகுதியில் ஆர்தர் என்ற ஆங்கிலேயரின் அறையைத் துப்புரவாக்கப் போவாள். அறுபதைத் தாண்டிய மனிதர். முழங்கை கிழிந்த ஸ்வெட்டர். ஆனால் பேச்செல்லாம் ராஜாக்கள்!

ஒருநாள் வசந்தி கண் விரிய வந்தாள்.

"அத்தான், இஞ்சை பலேர்மோவிலை ஒரு இங்கிலீஷ்காரி ராணியா இருந்தவவாம். ஜோன் எண்டு பேர். புருஷன் செத்துப்போக, புதுசா வந்த ராஜா அவவை அடைச்சு வைச்சு, சொத்தையும் குடுக்கேல்லையாம். தமையன் ரிச்சர்ட் ராஜா படையோட வந்து மீட்டவராம். அந்தக் கப்பலிலை ஆர்தரின்ரை பரம்பரை ஆளும் வந்தவராம்!"

ராணி கதை எண்ணூறு வருடங்களுக்கு முந்திய சரித்திரம்தான். மற்றது? அந்தக் கப்பலில் யார் யார் ஏறினார்கள் என்று இப்போது எவர் போய்ப் பார்ப்பது?

அதோடு நின்றிருந்தால் சிரித்துவிட்டு விட்டிருப்பேன். அடுத்த கிழமை வேறொன்று சொன்னாள். இங்கிலாந்தில் ஆர்தரின் தங்கை மாளிகையில் இருக்கிறாராம். கூடத் தங்கி வேலை செய்ய ஆள் வேண்டுமாம். விசா அலுவலுக்குப் பாஸ்போர்ட்டைக் கொண்டுவரட்டாம்.

பாஸ்போர்ட்! ஏஜென்சிக்காரரிடம் அதைக் கொடுத்துவிட்டு அலைந்தவர்கள் அல்லவா நாங்கள்? இவளோ, வேலையை விடப்போவதாகச் சிஞ்ஞோராவிடம் சொல்லியும் விட்டாள். வேலை இல்லாவிட்டால் பெர்மெஸ்ஸோவை, அதுதான் இங்கே தங்கும் அனுமதியை, புதுப்பிக்க முடியாது. அது போனால்... இந்த நாட்டில் கால் வைக்கவே இடமில்லை.

"அவரைச் சந்தேகப்படாதேங்கோ அத்தான். நல்ல மனுசன்."

"நல்ல மனுசன் எண்டால் நானும் வாறதிலை என்ன?"

போனோம். அவரே தேநீர் போட்டுத் தந்தார். நான் சுற்றி வளைக்கவில்லை.

"பிரபுவின் மகனுக்கு ஏன் இந்த அறை?"

"நான் மூன்றாவது மகன்," என்றார் இத்தாலியனில். "பட்டம், நிலம், மாளிகை எல்லாம் மூத்தவனுக்கு. எங்கள் குடும்பங்களில் அதுதான் வழக்கம்."

"பெண்பிள்ளைகளுக்கு?" வசந்தி குறுக்கிட்டாள்.

"ஒன்றுமில்லை."

மகளுக்கு வீட்டை எழுதிக்கொடுத்துவிட்டு, மகன்களை விமானம் ஏற்றும் ஊரில் பிறந்தவள் அவள். நம்பவே முடியாமல் பார்த்தாள்.

எனக்கோ வேறு சந்தேகம். பதில் இவ்வளவு சரளமாக வருகிறதே — பாடமாக்கி வைத்திருக்கிறாரோ?

"உங்கள் தங்கையோடு பேசலாமா? இப்போதே?"

முகம் மாறியது. தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தார். அகப்பட்டார் என்றே நினைத்தேன். ஆனால் கோட்டை மாட்டிக்கொண்டு, எங்களைக் கீழே இருந்த பாருக்குக் கூட்டிப்போய் டெலிபோனைச் சுழற்றினார். ரிசீவரை என்னிடம் நீட்டினார். யாழ்ப்பாணத்தில் படித்த ஆங்கிலத்தைத் தூசி தட்டி எடுத்து விசாரித்தேன்.

"அவன் சொன்னது உண்மை," என்றது வயதான பெண்குரல். "அப்பா பிரபு. இப்போது அண்ணன் பிரபு. மாளிகையின் ஒரு மூலையில் என்னை இருக்க விட்டிருக்கிறான். மழை பெய்தால் கட்டிலை நகர்த்த வேண்டும். சம்பளம் தர என்னிடம் வழியில்லை. அதை ஆர்தர் சொல்லவில்லையா? தயவுசெய்து அந்தப் பெண்ணை அனுப்பாதீர்கள்."

வசந்திக்குச் சொன்னேன். அவள் ஆர்தர் பக்கம் திரும்பினாள்.

"சம்பளமில்லை என்று ஏன் சொல்லவில்லை?"

"சொன்னால் போகமாட்டாய். அவள் தனியாக இருக்கிறாள்..."

"நீங்கள் போகலாமே!"

"அண்ணன் என்னை வாசல்படி ஏறவிடமாட்டான்."

வசந்தி பாஸ்போர்ட் இருந்த கைப்பையை இறுக்கிக்கொண்டு, "வாங்கோ அத்தான், சிஞ்ஞோரா வேறை ஆளைப் பிடிக்க முன்னம் போவம்," என்றாள். ஏறக்குறைய ஓடினோம்.

சிஞ்ஞோரா கொஞ்சம் பிகு பண்ணினார். பிறகு, குவிந்து கிடந்த சட்டைகளைக் காட்டி, இஸ்திரிப் பெட்டியை வசந்தியின் கையில் கொடுத்தார். அவ்வளவுதான்.

ஆர்தரிடம் அவள் இப்போது போவதில்லை. தெருவில் கண்டால் நான் தலையசைப்பேன். பாவம், கோபிக்கவும் முடியவில்லை.

ஒன்று மட்டும்... பிரபு நிஜமான பிரபுவாகவே இருக்கட்டும், முதலில் சம்பளத்தைக் கேளுங்கள்!