ஒரு சைஸ் பெரிய ஷூ

தேர்வாய் கண்டிகையில் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்கிறேன். எடை குறைய வேண்டும் என்று, சாப்பிடுவதற்கெல்லாம் போனில் கலோரி கணக்குப் போட்டேன். எடையோ ஏறிக்கொண்டே போனது. எங்கேயோ கணக்குத் தப்புகிறது என்று மதியச் சோற்றைப் பாதியாக்கினேன்.

அடுத்து சேஃப்டி ஷூ இறுக்கியது. கம்பெனி ஸ்டோரில் ஒரு சைஸ் பெரியதாகக் கேட்டேன்.

ஸ்டோர் பார்க்கும் செல்வி அக்கா சிரித்தார். "இன்னா கமலா, இந்த வயசுல கால் வளருமா?"

எனக்குச் சிரிப்பு வரவில்லை. சாக்ஸைக் கழற்றி, கணுக்காலை விரலால் அழுத்தினேன். விழுந்த குழி எழும்பவே இல்லை.

"ஏறினது கொழுப்பு இல்லம்மா, தண்ணி. கிட்னி கெட்டுப்போயிட்டு இருக்கு" என்றார், ரத்தமும் சிறுநீரும் சோதித்துப் பார்த்த டாக்டர்.

இப்போது தினமும் எடை பார்க்கும் முன் கணுக்காலை அழுத்துகிறேன். குழி எழும்பும்வரை எடை மெஷினில் ஏறுவதில்லை.