பியர்பொன்ட்ஸில் கேட்ட இரண்டாவது தட்டல்

அருமைராசா தன் டீசல் பிக்கப்பை 2006ஆம் ஆண்டு வாங்கினார். கிளச் உள்ள ஆறு கியர் வண்டி. மொன்றியலில் அப்படி ஒன்றைத் தேடிப் பிடிக்க ஏழு மாதம் எடுத்தது. பின்னால் நாலு தொன் வரும்போது கியரைத் தான் தீர்மானிக்கவேண்டும், வண்டி தீர்மானிக்கக்கூடாது என்பது அவருடைய நியாயம். வார நாட்களில் லவாலில் ஒரு பேக்கரிக்கு மா ஏற்றுவார். வசந்தத்திலும் இலையுதிர் காலத்திலும் தெரிந்தவர்கள் விடுமுறைக்குத் தங்கும், வீடு போன்ற பெரிய ட்ரெயிலர்களை முகாம் மைதானங்களுக்கு இழுத்துப் போவார், திருப்பிக் கொண்டுவருவார்.

ஃபிஃப்த் வீல் என்ற அந்த வகை ட்ரெயிலரை வண்டியின் வாலில் கொளுவுவதில்லை. அதன் மூக்கு பிக்கப்பின் பெட்டிக்கு மேலே நீண்டு வரும். மூக்கின் கீழ் தொங்கும் தடித்த ஆணி, பெட்டிக்குள் பொருத்திய இரும்பு வாயில் போய்ப் பூட்டிக்கொள்ளும். ஓட்டுபவருக்கு அந்த ஆணி சரியாகத் தெரியாது. அதனால் பின்னால் ஒருவர் நிற்கவேண்டும். நின்றது அவருடைய நண்பர் சிவநேசம். டீசல் இரைச்சலில் குரல் எடுபடாது என்று இருவரும் ஒரு வழக்கம் வைத்திருந்தார்கள். பெட்டியின் பக்கத் தகட்டில் உள்ளங்கையால் ஒருமுறை தட்டினால் நில். இரண்டுமுறை தட்டினால் இன்னும் பின்னால் வா. பதினாறு வருடத்தில் ஒரு வண்டியிலும் கீறல் விழவில்லை.

2022 செப்டெம்பர் 24, சனிக்கிழமை காலை பத்தேகாலுக்கு, பியர்பொன்ட்ஸில் சிவநேசத்தின் வீட்டு வாசலில் அவருடைய சொந்த ட்ரெயிலரைப் பூட்டினார்கள். இருபத்தெட்டு அடி நீளம். ஆணிக்கும் வாய்க்கும் இடையில் இன்னும் இரண்டடி இருந்தது. இரண்டு தட்டல் கேட்டது. அருமைராசா கிளச்சிலிருந்து காலை எடுத்தார், வண்டி பின்னால் போனது. இரும்பு வாயில் சிக்கியிருந்த ஒரு நீலக் கயிற்றுத் துண்டை எடுக்க, சிவநேசம் அந்த இரண்டடிக்குள் குனிந்திருந்தார். மத்தியானத்துக்கு முன் உயிர் போய்விட்டது.

பொலிஸ் இரண்டு தரம் கேட்டது. இரண்டு தட்டல் என்றே அருமைராசா சொன்னார். விபத்து என்று எழுதி முடித்தார்கள். அவருக்குத்தான் முடியவில்லை. உள்ளே குனியப் போகிறவன் எதற்கு இரண்டு தட்டுவான்? அப்படியானால் கேட்டது ஒன்றா? மற்றதை அவசரத்தில் தானே கற்பனை செய்துகொண்டாரா?

அதன்பின் எங்கே ஒரு சத்தம் கேட்டாலும் காது அடுத்ததற்குக் காத்திருந்தது. டிப்பனர் என்ற மூலைக்கடையில் குளிர்பெட்டிக் கதவு மூடினால் நிற்பார். மெற்றோவில் யாராவது பெட்டியைத் தரையில் வைத்தால் நிற்பார். சிலவேளை அடுத்த தட்டல், தட்ட ஆளில்லாமலே வந்தது. கிளச்சை அழுத்தாமல் பிக்கப் ஸ்ராட் ஆகாது. அழுத்தினால் முதுகுக்குப் பின்னால் தகடு இரண்டுமுறை அதிரும். இறங்கிப் போய்ப் பார்ப்பார். தகட்டில் தூசி கலையாமல் இருக்கும். இழுக்கிற வேலையை விட்டுவிட்டார்.

2024 மே மாதம் சிவநேசத்தின் மனைவி கௌரி தொலைபேசியில் அழைத்தாள்.

"ட்ரெயிலரை லவாலிலை ஒரு ஆக்களுக்குக் குடுத்திட்டன் அண்ணை. நீங்கள்தான் கொண்டுபோய் விடவேணும்."

"வேறை ஆரையும் பிடியன் தங்கச்சி."

"பிடிக்கலாம். நீங்கள் வந்தால் ஒரு கதையும் இருக்கு."

பதினோராம் திகதி ஒன்பது இருபதுக்குப் போய்ச் சேர்ந்தார். ஆளில்லாமல், பின்னால் வருவதும் இறங்கிப் பார்ப்பதுமாக, ஒன்பது தரம் ஏறி இறங்கினார். ஒன்பது தரமும் கிளச்சில் கால் வைக்கத் தகடு அதிர்ந்தது. பத்தாவது தரம் கண்ணாடியில் பார்த்தபோது, சிவநேசம் நின்ற இடத்தில் கௌரி நின்றாள்.

இஞ்சினை நிறுத்திவிட்டு இறங்கி ஓடினார். "தள்ளு! உதிலை நிக்காதை!"

"நிண்டால்தான் சொல்லலாம்," என்றாள் அவள். "அவர் தட்டினது ஒண்டுதான் அண்ணை."

அருமைராசா ட்ரெயிலரின் பக்கத்தைப் பிடித்துக்கொண்டார்.

"நான் ட்ரெயிலருக்கு உள்ளுக்கை கோப்பையள் அடுக்கிக்கொண்டு நிண்டனான். அந்த மேல் அலுமாரி உங்களுக்குத் தெரியும், இழுத்து அடிச்சால்தான் பூட்டும். அவர் தட்டினார், உடனை நான் கதவை அடிச்சன். மற்றச் சத்தம் என்ரை. பத்தொன்பது மாசமா ஒருத்தருக்கும் சொல்லேல்லை. அந்த அலுமாரியைப் பாக்கேலாமல்தான் இதை விக்கிறன்."

அவர் ட்ரெயிலரின் கதவைத் திறந்துவிட்டார். பிறகு, "உள்ளுக்கை போ," என்றார். "அண்டைக்கு அடிச்ச மாதிரியே அடி. நான் பிக்கப்புக்கை இருந்து கேக்கிறன்."

கைப்பிரேக்கை இழுத்தார். கியரை நியூட்ரலில் விட்டார். அன்று போலவே கதவுக் கண்ணாடியை நாலு விரல் இறக்கி, கிளச்சை அழுத்தி, இஞ்சினை ஓட விட்டார். இம்முறை தகடு அதிரவில்லை.

கேட்டது. உள்ளங்கை தகட்டில் பட்டதைப் போலவே கேட்டது. அவருடைய இடது கால் அவரைக் கேளாமல் கிளச்சிலிருந்து எழுந்தது.

அப்போதுதான் அவருக்குத் தெரிந்தது, அன்று தன் காது பொய் சொல்லவில்லை என்று. அந்த நிம்மதி, படியில் இறங்கிவந்த கௌரியின் முகத்தைப் பார்க்கும்வரை இருந்தது. அவள் கைகள் இரண்டும் சட்டையின் நுனியைப் பிடித்திருந்தன.

"கேட்டதோ அண்ணை?"

"இல்லை," என்றார் அருமைராசா.

"பொய் சொல்லாதையுங்கோ."

"இந்த இரைச்சலுக்கை அலுமாரிக் கதவு கேக்குமே? விசரி மாதிரிக் கதைக்கிறாய். எனக்கு ஒண்டுமே கேக்கேல்லை."

அவள் படியிலேயே அமர்ந்துவிட்டாள். கன்னங்கள் நனைந்தன. துடைக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து நிமிர்ந்து பார்த்தாள். அழுகை நின்றிருந்தது.

"அப்ப அவர் ஒண்டுதானே தட்டினவர்?"

"ஓம்."

"அப்ப நீங்கள் ஏன் காலை எடுத்தனீங்கள்?"

அந்தக் கேள்வி வரும் என்று அவர் எண்ணியிருக்கவில்லை. வந்தபின் அதற்கு ஒரே ஒரு பதில்தான் இருந்தது.

"அவசரம்," என்றார். "தட்டினதை எண்ணேல்லை."

கௌரி எழுந்தாள். "லவால் ஆக்கள் பாத்துக்கொண்டு நிப்பினம். கொண்டுபோங்கோ," என்றாள். அண்ணை என்ற சொல் அதில் இல்லை.

தனியாகவே பூட்டினார். ட்ரெயிலரின் பிரேக்கைப் பிடித்துவைத்து, முதல் கியரில் மெல்ல இழுத்துப் பார்த்தார். ஆணி அசையவில்லை. இரண்டாம் கியரில் தெருவைக் கடந்து, மூன்றில் பெரிய சாலையில் ஏறினார். பதினொன்று நாற்பதுக்கு லவாலில் ஒப்படைத்தார்.

அந்த ஆவணியில் கௌரி தான் விட்டிருந்த கார்டறி என்ற குழந்தைகள் காப்பக வேலைக்குத் திரும்பினாள், பிள்ளைகளோடு சிரித்துக் கதைக்கிறாள் என்று அருமைராசாவின் மனைவி கேள்விப்பட்டு வந்து சொன்னாள். கோவிலில் கௌரி வேறு வரிசையில் நிற்கிறாள். அவளுடைய தமையன் கோவில் வாசலில் ஒருநாள், அருமைராசாவின் காதுபடவே, "மனிசனைக் கொன்றவன்" என்று சொன்னான். அவர் செருப்பைத் தேடிக்கொண்டு நின்றார்.