விட்பி வீட்டில் ஒரு மாவோரிச் சமாதி

போன ஞாயிறு பக்கத்து நகரமான விட்பிக்குக் காரை எடுக்கவே எனக்குப் பயமாக இருந்தது. பனியோ ட்ராஃபிக்கோ காரணமல்ல... ஒரு படம்.

மூன்று மாதத்துக்கு முதல் சுகந்தி அங்கே புதுவீடு குடிபூர்ந்தார். என் சிநேகிதனின் மனைவி. சொந்த வீடு, சொந்த வீடு என்று இரண்டு வேலை செய்த அவன், அதைப் பார்க்காமலே இரண்டு வருடத்துக்கு முன் போய்விட்டான். அந்த வீட்டுக்கு வெறும் காசுக் கவரோடு போக எனக்கு மனம் வரவில்லை.

பிக்கரிங்கில் ஒரு பழம்பொருள் கடையில் தேடி, மிகப் பழைய அச்சுப் படம் ஒன்றை எடுத்தேன். மரத்தில் செதுக்கிய சின்ன மண்டபம். தூணெல்லாம் வளைந்து வளைந்து வேலைப்பாடு. முழியைப் பிதுக்கி நாக்கை நீட்டும் உருவங்கள் - எங்கள் கோயில் வாசலில் காவல் நிற்பவர்களைப்போல. ஏதோ தீவுக் கோயில் என்று நானே முடிவுகட்டினேன். கீழே ஒரு வரி பொடி எழுத்து; வாசிக்கவில்லை. அந்த ஓரம் கறை பிடித்திருக்கிறதென்று ஃப்ரேம் போடுகிறவரிடம் சொல்லி அதை மறைப்பித்ததும் நான்தான். என் கெட்டித்தனத்தை என்னவென்பது? குடிபூரலன்று சுகந்தி படத்தைச் சாமி அறையில் மாட்டினார். பூசைக்கு வந்த ஐயர் அதற்கும் ஒரு பூ வைத்தார்.

போன கிழமை ஃபோனில் பழைய படங்களை அழித்துக்கொண்டிருந்தேன். கடையில் வைத்து அந்தப் படத்தை நான் எடுத்த ஃபோட்டோ அகப்பட்டது. பெரிதாக்கி அந்த வரியை வாசித்தேன்.

நியூசிலாந்து மாவோரி மக்களின் நினைவுச் சமாதி.

கணவனை இழந்தவரின் புதுவீட்டுக்கு, பால் காய்ச்சிய அன்று, சமாதியைக் கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறேன். எந்த முகத்தோடு சொல்வது? சொல்லாமல் எப்படி இருப்பது?

போய்ச் சொன்னேன்.

“ஓம் அண்ணை, தெரியும்,” என்றார் சுகந்தி, தேத்தண்ணி ஊற்றிக்கொண்டே. “அண்டைக்குப் பின்னேரமே மகள் ஃபோனில தேடிப் பாத்து, ‘அம்மா, தட்ஸ் எ டூம், சமாதி’ எண்டிட்டாள். உங்களில எனக்கு வந்த கோவம்...”

“நீர் ஏன் எனக்குச் சொல்லேல்லை?”

“எவ்வளவு ஆசையாக் காவிக்கொண்டு வந்தனீங்கள். எப்பிடிச் சொல்லுறது? கழட்டி பேஸ்மென்டில போடத்தான் நினைச்சன். பிறகு பாத்தா, செத்துப்போன ஒருத்தருக்கு அவையள் எவ்வளவு அன்பாச் செதுக்கியிருக்கினம். இவரின்ர சாம்பலை லேக்கில கரைச்சிட்டம். போய் நிண்டு கதைக்க எனக்கெண்டு ஒரு இடமில்லையே, அண்ணை.”

மேலே கூட்டிப்போனார். சாமி அறையில் படம் இல்லை. பக்கத்து அறையில், அவனுடைய ஃபோட்டோவோடு சேர்த்து மாட்டி, முன்னால் ஒரு கதிரை போட்டிருந்தார்.

“வேலையால வந்து உதில இருந்துதான் கதைக்கிறனான். முதல் நாள், நீங்கள் குடிபூரலுக்குச் சமாதி காவிக்கொண்டு வந்த கதையைத்தான் சொன்னன். அவர் விழுந்து விழுந்து சிரிச்ச மாதிரி இருந்தது. வீடு அண்டைக்குத்தான் எங்கட வீடாச்சுது. உங்களுக்குத்தான் தாங்ஸ் சொல்லோணும்.”

நன்றி சொல்லவேண்டியது நானல்லவா? கதிரையில் உட்கார்ந்து சொன்னேன் - இரண்டு பேருக்கும்.