அம்பு ஒட்டிய கூரை

கல்யாணப் பந்தியில் இலை போட்டதும் மருதாசலம் அதை இரண்டு கையாலும் தூக்கி வெளிச்சத்துக்கு நேராகப் பிடிப்பார். கிழிசல் இருந்தால் பக்கத்து இலைக்காரருக்கும் காட்டிவிட்டுத்தான் கீழே வைப்பார். தோசைக்கும் இதே பரீட்சை உண்டு. ஓட்டையில்லாத தோசை எங்கே இருக்கிறது என்று கேட்டால், "இருக்கட்டுமுங்க. எத்தனைன்னு தெரிஞ்சு திங்கறது நல்லதில்லீங்களா?" என்பார்.

பனியன் கம்பெனியில் அவருக்குச் செக்கிங் வேலை. டியூப்லைட் வெளிச்சத்தில் துணியை விரித்து, ஓட்டை, எண்ணெய்க் கறை, விட்டுப்போன தையல் என்று கண்ட இடத்திலெல்லாம் சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்ட வேண்டும். சட்டைப் பையில் பணம் இல்லாத நாள் உண்டு, அம்பு இல்லாத நாள் கிடையாது. தொழிலில் அவருக்கு ஒரே சட்டம்தான். "டேமேஜைத் தொடப்படாதுங்க. அம்பு ஒட்டி அப்படியே வெச்சிரோணும். சரக்கு வாங்கற பையர் வந்து அவன் கண்ணால பாக்கோணும்."

தொண்ணூற்றிரண்டாம் வருஷத்து ஆடிக் காற்று, எங்கள் பனியன் ஊரின் ராயபுரத்துச் சந்தில் இவர் வீட்டை மட்டும் பொறுக்கி எடுத்தது. கூரையிலிருந்து ஏழு சிமெண்ட் அட்டைகள் பறந்துபோய், பக்கத்தில் வேஸ்ட் துணி வியாபாரம் செய்யும் அய்யூப் பாயின் வாசலில் விழுந்து நொறுங்கின. நல்லவேளை, யார் தலையிலும் விழவில்லை. புது அட்டை வாங்க மருதாசலத்துக்கு வக்கில்லை. வீட்டுக்கடன் கொடுத்தவர்கள் வற்புறுத்திப் போடவைத்த இன்சூரன்ஸ் அப்போதுதான் ஞாபகத்துக்கு வந்தது. மனு எழுதும் வேலை எதிர்வீட்டு வாத்தியாரான என் தலையில் விழுந்தது. பத்தாம் நாள் பதில் வந்தது. சர்வேயர் நேரில் வந்து பார்க்கும்வரை சேதத்தை உள்ளது உள்ளபடியே வைத்திருக்கவும் என்று எழுதியிருந்தார்கள்.

அதைப் படித்துக் காட்டியவன் நான்தான். அன்றைக்கு என் வாயில் கொழுக்கட்டை இருந்திருக்கக் கூடாதா!

"பாத்தீங்களா வாத்தியாரே! நம்ம சட்டந்தானுங்க அவுங்களுக்கும்!" என்று மருதாசலம் பூரித்துப்போனார்.

அன்று சாயங்காலமே ஏணி வைத்து ஏறி, திறந்து கிடந்த இடத்தைச் சுற்றி மரச் சட்டம் சட்டமாகச் சிவப்பு அம்பு ஒட்டினார். பாய் வாசலில் கிடந்த துண்டுகளைப் பொறுக்கிவந்து நம்பர் எழுதி, பனியன் போடும் பாலிதீன் பைகளில் கட்டி மூலையில் அடுக்கினார். அய்யூப் பாய் மனசு கேட்காமல் ஒரு தார்ப்பாயைத் தூக்கிக்கொண்டு வந்தார். "இதைக் கட்டிக்கங்கண்ணே, மழை வந்துரும்" என்றார். "வேண்டாமுங்க பாய். மூடி வெச்சா மறைச்சு வெச்ச மாதிரி ஆயிருமுங்க" என்று திருப்பி அனுப்பிவிட்டார். அடுத்த வாரம் கூரைச் சட்டத்தில் ஒரு குருவி கூடு கட்டியது. உள்ளது உள்ளபடி என்பதில் குருவி சேருமா, கலைக்கலாமா என்று கேட்டு இன்னொரு மனு எழுதச் சொன்னார். எழுதித் தொலைத்தேன். பதில் வருவதற்குள் குருவி குஞ்சு பொரித்துவிட்டது.

ஆவணியில் ஒரு மழை பெய்து, கொதிக்கிற சோற்றுப் பானையில் நேராக இறங்கியது. அவர் மனைவி ரங்காத்தாள் அன்றே பையைக் கட்டினாள். "அட்டை போட்டுப்போட்டுச் சொல்லியுடுங்க, வாறேன். அதுவரைக்கும் உங்க அம்போடவே குடும்பம் நடத்துங்க" என்று சொல்லிவிட்டுத் திருமுருகன்பூண்டிக்கு, பொறந்த ஊட்டுக்குப் போய்விட்டாள்.

மருதாசலம் கட்டிலில் குடை பிடித்துப் படுத்தார். ஞாயிறு தவறாமல் பூண்டிக்குச் சைக்கிள் மிதித்தார். சோறு போட்டாளாம், பேச்சு இல்லையாம். "மேலயும் வெறிச்சு, கீழயும் வெறிச்சுங்க வாத்தியாரே. அவ இல்லாம இருக்க முடியலீங்க" என்று ஒருநாள் என் வீட்டுப் படியில் உட்கார்ந்து கண்ணைத் துடைத்தார். எனக்குக் கோபம் கோபமாக வந்தது, பாவமாகவும் இருந்தது.

ஐப்பசியில் சர்வேயர் வந்தார். சுடலைமுத்து என்று பெயர், திருநெல்வேலிப் பக்கம். அம்புகளைப் பார்த்தார். பாலிதீன் பைகளைப் பார்த்தார். நோட்டை மூடினார்.

"அண்ணாச்சி, காத்து என்ன அம்புக்குறி போட்டுக்கிட்டா அடிச்சுது? எத்தனையோ வீடு பாத்துட்டேன், சேதம் இவ்வளவு ஒழுங்கா இருந்து பாத்ததே இல்ல. நீங்களே கழட்டிப் போட்டுட்டு என்னைய வரச் சொல்லியிருக்கியளோ?"

மருதாசலம் ஒரு பாலிதீன் பையைத் தூக்கி நம்பரைக் காட்டினார். இந்த மனிதர் இப்படியே கிளம்பிவிட்டால் அட்டையும் வராது, ரங்காத்தாளும் வரமாட்டாள். சுடலைமுத்து வாசல்வரை போய்விட்டு, அடுப்படிப் பக்கம் அண்ணாந்து பார்த்தார்.

"அங்க ரெண்டு மட்டும் என்ன மஞ்சள் அம்பு?"

"அது காத்துல போனதில்லீங்க. போன வருசமே விரிசல் உட்டது. நீங்க தப்பிப்போயி அதையுஞ் சேத்து எழுதிப்போட்டா என்ன பண்றதுன்னு கலர் மாத்தி ஒட்டுனனுங்க."

சர்வேயர் திரும்பி வந்து, ஈரக் கட்டிலிலேயே உட்கார்ந்து நோட்டைத் திறந்தார். "பழைய ஓட்டையக் காத்து தலையில கட்டுறவங்களத்தான் இதுவரைக்கும் பாத்திருக்கேன்" என்று சொல்லிக்கொண்டே ஏழு அட்டை என்று எழுதினார்.

கார்த்திகையில் புது அட்டை ஏறியது. அடுப்படி விரிசலுக்கு மருதாசலம் தம் கையாலேயே தார் பூசினார். சொல்லி அனுப்பிய மறுநாள் ரங்காத்தாள் பையோடு வந்து வாசலில் நின்றாள். உள்ளே வரவில்லை. அண்ணாந்து பார்த்தாள்.

"எல்லாஞ் சரியா இருக்குதுங்களா?"

மருதாசலம் கட்டில்மேல் ஏறி நின்று கூரையைச் செக்கிங் செய்துகொண்டிருந்தார். போல்ட்டை ஒட்டி ஊசி முனையளவு ஓட்டை. அதன் வழியாக வந்த வெயில் அவர் சட்டையில் பொட்டுப்போல் விழுந்ததை நானும் பார்த்தேன். அவர் கை தன்னால் பைக்குள் போனது. அம்பு ஸ்டிக்கர் பாதி வெளியே வந்துவிட்டது. ரங்காத்தாள் ஒரு காலை எடுத்து நிலைப்படிமேல் வைத்தாள்.

மருதாசலம் ஸ்டிக்கரை உள்ளே தள்ளினார். கையை உயர்த்தி, கட்டை விரலால் அந்த ஓட்டையை அழுத்தி மூடிக்கொண்டார்.

"ஒண்ணுமில்ல புள்ள, உள்ள வா."