ஈனாக் ட்ரான்டரின் கால் சுற்று

வண்டியை எங்கே நிறுத்தினாலும் ஈனாக் ட்ரான்டர் முதலில் பின்சக்கரத்தின் பக்கம் குனிவார். கோட்டுப் பையிலிருந்து ஸ்பேனரை எடுத்து, டேம்பர் நட்டைக் கால் சுற்று முறுக்குவார். தேநீரெல்லாம் அதற்கப்புறம்தான். நான்கு வருடம் பக்கத்து இருக்கையிலிருந்து இதைப் பார்த்திருக்கிறேன்.

இங்கிலாந்தின் கவென்ட்ரியில் எங்கள் கார் தொழிற்சாலையின் சோதனை ஓட்டுநர்கள் எல்லோருக்குமே அந்தப் பழக்கம் உண்டு. டேம்பர் என்பது ஒன்றோடொன்று உரசும் சில தட்டுகள். பள்ளத்தில் விழுந்த வண்டி ஸ்பிரிங்கின் மேல் துள்ளிக்கொண்டே இருக்காமல் பிடித்து நிறுத்துபவை. ஓட ஓடத் தட்டு தேயும், பிடி தளரும். முறுக்கினால் சரியாகிவிடும். அதை யாரும் ஒரு வேலையாக நினைக்கவில்லை. அதனால் யாரும் எழுதி வைக்கவும் இல்லை.

ரிப்பன் நெய்யும் குடும்பத்தில் முதலில் கல்லூரிக்குப் போனவன் நான். 1921இல் புதிய மாடலின் ஸ்பிரிங்கையும் டேம்பரையும் மதிப்பிடும் பொறுப்பு எனக்கு வந்தது. மேல்கூடு இல்லாத வண்டியில் மணல் மூட்டைகளை ஏற்றி, ஈனாக்கும் நானும் ஆயிரம் மைல் ஓட்டினோம். வண்டியில் பொருத்தியிருந்த கருவியின் பேனா ஒவ்வொரு துள்ளலையும் காகிதத்தில் வரைந்தது.

"என்ன காலேஜு, பேனா என்ன சொல்லுது?" என்பார் ஈனாக்.

"ஆயிரம் மைலுக்கு அப்புறமும் பிடி தளரலைங்க."

"என் பின்பக்கம் காலையிலயே சொல்லிடுச்சுப்பா. அதுக்குத்தான் யாரும் பட்டம் குடுக்கல."

'டேம்பரில் கை வைக்கவில்லை' என்று அறிக்கையில் எழுதினேன். இருவரும் கையெழுத்துப் போட்டோம். அது பொய் என்று அப்போது எங்களுக்குத் தோன்றவில்லை. எனக்குமா? தினமும் பார்த்தேனே. கேட்டால் சிரிப்பார்கள் என்று வாயை மூடிக்கொண்டேனா? இன்னும் தெரியவில்லை.

எட்டு மாதம் கழித்து, நனீட்டன் அருகே ஒரு வளைவில் அந்த மாடல் வண்டி ஒன்று துள்ளி மதிலில் மோதியது. ஓட்டிய சைலஸ் புரூமும் அவன் முதலாளியின் மகளும் இறந்தார்கள். ஓட்டுநரின் கண்மூடித்தனமான வேகமே காரணம் என்று விசாரணையில் முடிவானது.

நொறுங்கிய வண்டி எங்கள் முற்றத்துக்கு வந்தது. ஈனாக் வழக்கம்போலக் குனிந்தார். ஸ்பேனர் தேவைப்படவில்லை.

"விரலாலயே சுத்துது," என்றார். பிறகு, "நாம ஓட்டினப்ப நான் எத்தனை தடவை முறுக்கினேன்?"

"தெரியலைங்க."

"எண்ணலையா? எண்ணத்தானேடா உன்னைப் படிக்க வெச்சாங்க?"

அன்றே மேலாளரிடம் போய்ச் சொன்னார். இருநூறு மைலுக்கு ஒருமுறை நட்டை முறுக்க வேண்டும் என்று கையேட்டில் ஒரு வரி சேர்ந்தது. சைலஸ் மேல் விழுந்த பழியைப் பற்றிக் கேட்டதற்கு, "செத்தவனுக்கு இனிமே என்னய்யா?" என்று மேலாளர் கதவைக் காட்டினார்.

"தப்பு அவன் மேல இல்லைன்னு அவன் பொண்டாட்டிகிட்ட நானே சொல்றேன்," என்றார் ஈனாக். மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் நனீட்டனுக்கு ரயிலேறினார். மூன்று முறையும் தெருமுனையோடு திரும்பினார்.

"துணி காயப்போட்டுட்டு இருந்தா. அவளைப் பாத்ததும் பக்கத்து வீட்டுக்காரி கதவைச் சாத்துறா, காலேஜு. அப்புறம் எனக்குக் கால் நகரல."

அந்தக் குளிர்காலத்தில் நிமோனியா அவரைக் கொண்டுபோனது. மருத்துவமனையில் என் சட்டைக்கையைப் பிடித்துக்கொண்டு, "நீயாவது போவியா?" என்று கேட்டார். போகிறேன் என்றேன்.

இப்போது ஏப்ரல். போன ஞாயிறு நானும் அந்தத் தெருமுனை வரை போனேன். கொடியில் குழந்தைகளின் சட்டைகள் காய்ந்துகொண்டிருந்தன. சைலஸின் மனைவி ஹெஸ்டர் புரூமிடம் ஈனாக் சொல்ல வேண்டியிருந்ததை இன்னும் யாரும் சொல்லவில்லை.