நசுங்காத எலுமிச்சம்பழம்

கீரனூரில் பஸ்ஸுக்காக வற்றிய கண்மாய் வழியே குறுக்கே நடந்தபோதுதான் அவரைப் பார்த்தேன். ஐம்பது வயதிருக்கும். கைலியை மடித்துக் கட்டி, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, முழ நீளமுள்ள ஒரு புது ரிமோட் பொம்மைக் காரின் முன்னால் குத்தவைத்திருந்தார். பேட்டரி வண்டி இல்லை, பெட்ரோல் எஞ்சின். சந்தனம், குங்குமம் வைத்து, முன்சக்கரங்களை ஒட்டி இரண்டு எலுமிச்சம்பழமும் வைத்திருந்தார்.

கயிற்றை இழுத்ததும் எஞ்சின் மரம் அறுக்கும் மிஷின் மாதிரி அலறியது. ரிமோட்டை அழுத்தினார். சக்கரம் பழத்தின் மேல் ஏறப் பார்த்து வழுக்கியது. எஞ்சின் நின்றுவிட்டது. குழந்தைக்குக் காய்ச்சல் பார்ப்பதுபோல் அதன்மேல் புறங்கையை வைத்துப் பார்த்துவிட்டு, கார்பரேட்டர் ஸ்க்ரூவை ஒரு நூல் திருப்பினார். மறுபடியும் கயிறு, மறுபடியும் அலறல். பழம் அப்படியே இருந்தது.

"பழத்தை எடுத்துட்டு ஓட்டிப் பாருங்களேன்" என்றேன்.

"பூசை முடியாம எப்பிடிங்க ஓட்டுறது?"

"அப்ப பழத்தை லேசாக் கீறி வைங்க. பொசுக்குன்னு நசுங்கிரும்."

நிமிர்ந்து பார்த்தார். முகத்தில் கோபமில்லை.

"சாமிகிட்டயே போங்கு ஆடச் சொல்றீங்களா?" என்று கேட்டுவிட்டு, மறுபடி ஸ்க்ரூவிடம் குனிந்துகொண்டார்.

நான் பஸ் ஏறும்வரை அந்த அலறல் விட்டுவிட்டுக் கேட்டது. வண்டி ஓடியதா என்று தெரியாது.

போன மாதம் என் புது பைக்குக்குப் பூசை போட்டோம். எலுமிச்சம்பழம் ஓசையே இல்லாமல் நசுங்கியது. வீட்டில் எல்லோரும் கை தட்டினார்கள். எனக்கு மட்டும் ஏதோ போங்கு ஆடிவிட்ட மாதிரி இருந்தது.