வேலைக்குத் திரும்பாத மாரிசெல்வி

மாரிசெல்வியும் வேல்விழியும் இரட்டைப் பிறவிகள். சாத்தூர்ப் பக்கத்துப் பட்டாசுக் கம்பெனி ஒன்றில் பதினான்கு வருடமாக ஒரே அறையில் எதிரெதிரே உட்கார்ந்து சரவெடி பின்னினார்கள். யார் மாரிசெல்வி, யார் வேல்விழி என்று போர்மேனுக்குக் கடைசிவரை பிடிபடவேயில்லை.

போன சித்திரையில் பக்கத்து அறை வெடித்தது. அக்காளும் தங்கையும் ஒரே வாசல் வழியாக ஓடித் தப்பினார்கள். கூட வேலை பார்த்த முத்துமாரி வெளியே வரவில்லை.

கம்பெனி மறுபடி திறந்ததும் வேல்விழி வேலைக்குக் கிளம்பிவிட்டாள். மாரிசெல்வியால் முடியவில்லை. குக்கர் விசில் அடித்தாலே தெருவுக்கு ஓடினாள்.

“நானும் அங்கனதானட்டி இருந்தேன்? எனக்கு இல்லாத பயம் ஒனக்கு மட்டும் எங்கேருந்து வந்துச்சு? நடிக்காத” என்ற வேல்விழி, ஒருநாள் அவளைக் கையைப் பிடித்து இழுத்துப் போனாள். கம்பெனி வாசலில் மாரிசெல்வி மயங்கி விழுந்தாள். முன்பல் இரண்டு போயிற்று.

வேல்விழி அவளை மதுரையில் மனநல மருத்துவர் லட்சுமிகாந்தத்திடம் காட்டினாள்.

“ரெண்டு பேரும் ஒரே அச்சுங்க டாக்டரம்மா. இவளுக்கு மட்டும் ஏன் இப்பிடி?”

“முகம்தான் ஒரே அச்சு. மூளை வளர்றப்ப மரபணுவுல சில துண்டுகள் தன்னையே நகலெடுத்து, வேற இடத்துல போய் ஒட்டிக்கும். ஒருத்தர் மூளையில ஒட்டுற மாதிரி இன்னொருத்தருக்கு ஒட்டாது. அதோட அவங்கவங்க வாழ்ந்தது, பட்டது எல்லாம் சேரும். இவங்க பயத்துக்கு அந்த மரபணுதான் காரணம்னு என்னால அடிச்சுச் சொல்ல முடியாது. ஆனா உங்க மூளையும் இவங்க மூளையும் ஒண்ணு இல்ல. இவங்க நடிக்கல.”

அதுவரை தரையையே பார்த்திருந்த மாரிசெல்வி வாய் திறந்தாள்.

“நீ நேரா ஓடிட்ட. நான் திரும்பிப் பாத்தேன். முத்துமாரி என் பேரைச் சொல்லித்தான் கூப்பிட்டா.”

இத்தனை மாதமும் வேல்விழிக்கு இது தெரியாது. ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து அழுதாள்.

மாத்திரையில் தூக்கம் வந்தது, பயம் போகவில்லை. மாரிசெல்வியைக் காரியாபட்டியில் அத்தை வீட்டில் விட்டார்கள். அங்கே காட்டு வேலைக்குப் போகிறாள். வேல்விழி மாதம் ஒருமுறை பஸ் ஏறிப் போய்ப் பார்க்கிறாள். கம்பெனிச் சேலையை மாற்றி, வெடிமருந்து போகத் தலைக்குக் குளித்துவிட்டுத்தான் கிளம்புவாள்.

அப்படியும் சில நாள் மாரிசெல்வி நகர்ந்து உட்கார்ந்துகொள்கிறாள்.

“தள்ளி உக்காருட்டி. ஒம்மேல மருந்து வாடை அடிக்கு.”